‘ஊது’ என்று சொல்ல வாய் வரவில்லை

அம்மனை நம்பி வாழும் சகோதரிகளே, ஆடி வெள்ளி வந்தாலே வெட்கத்தில் எனக்கு முகம் சூடாகிவிடும். அந்த வெட்கத்தைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் இறக்கி வைக்கிறேன்.

எண்பதுகளின் ஆரம்பத்தில், வாடிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். அப்போது கல்யாணம் ஆகவில்லை. மதுரையில் நடந்த முதலுதவிப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். ஊரை ஒட்டிப் பெரிய வாய்க்கால் ஓடுகிறது, பிள்ளைகள் அதில் விழுவது உண்டு. அதனால் மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதுவதை என் பிள்ளைகளுக்கு ஆசை ஆசையாகச் சொல்லிக் கொடுத்தேன். மல்லாக்கப் படுக்க வை, தலையைச் சாய்த்து நாடியை, அதாவது மோவாயை, நிமிர்த்து, மூக்கைப் பிடி, ஊது, நெஞ்சு எழும்புதா பார். துணிப்பொம்மையை வைத்துத்தான் பழக்கினேன்.

பிள்ளைகள் சும்மா இருக்குமா? தெருவில் ஒன்றை ஒன்று படுக்கப்போட்டு ஊதி விளையாடின. திங்கட்கிழமை பள்ளி வாசலில் தாய்மார்கள் கூட்டம். முன்னால் நின்றவர் பேச்சியக்கா. அவர் மகள் பாண்டிச்செல்வி என் வகுப்புதான்.

“ஏன் டீச்சர், எச்சி பத்துன்னு ஒண்ணு இல்லையா? ஆம்பளப் பிள்ளை பொம்பளப் பிள்ளை பாக்காம வாயோட வாய் வைக்கவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம்? கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இதெல்லாம் எப்பிடித் தெரிஞ்சுச்சு?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அன்றே வகுப்பில், “என்னையக் கேக்காம எவளாச்சும் எவனாச்சும் ஊதுனா தோலை உரிச்சிருவேன்” என்று கத்தினேன். அதற்குள் டீக்கடையில் பேர் வைத்துவிட்டார்கள், முத்தம் டீச்சர் என்று. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சோறு இறங்கவில்லை. செத்துப்போகலாம் என்றுகூட நினைத்தேன்.

அந்த ஆடி வெள்ளி, வாய்க்கால் கரைக் காளியம்மன் கோயிலில் போய் விழுந்தேன். “தாயி, எனக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிக் குடு. மாவிளக்குப் போடுறேன்.” அழுது முடிக்கவில்லை, வெளியே கூப்பாடு. வாய்க்கால் கரைக்கு ஓடினேன்.

பேச்சியக்காவின் நாலு வயசுக் கடைக்குட்டியைத் தண்ணீரிலிருந்து தூக்கியிருந்தார்கள். தண்ணி கக்கட்டும் என்று ஊர் வழக்கப்படி ஒரு ஆள் பயலைக் கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கிக் கரகரவென்று சுற்றினார். பலனில்லை. கீழே கிடத்தினார். உதடெல்லாம் நீலம், மூச்சில்லை. பாண்டிச்செல்வி பாய்ந்து போய்த் தம்பியின் நாடியை நிமிர்த்தினாள். மூக்கையும் பிடித்துவிட்டாள். அப்புறம் கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள்.

“டீச்சர், ஊதவா?”

ஐயோ, நான் போட்ட தடைக்குப் பயந்து அந்தப் பிள்ளை அனுமதி கேட்கிறது! ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. பேச்சியக்காவும் பார்த்தார். சொல்லவே நாக்கூசுகிறது சகோதரிகளே, பிள்ளை செத்துக்கொண்டிருக்கும்போதும் எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். ‘ஊது’ என்று சொல்ல வாய் வரவில்லை. கோயில் பக்கம் திரும்பி, “தாயீ!” என்று மட்டும் அலறினேன்.

நான் கூப்பிட்டது காளியை. ஆனால் வகுப்பில் அந்தப் பிள்ளையையும் நான் ‘தாயி’ என்றுதான் கூப்பிடுவேன். தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அவள் குனிந்து ஊதினாள். அதற்கப்புறம்தான் என் கால் நகர்ந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து பயலின் தலையைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சு எழும்பியது. மறுபடி ஊதினாள், மறுபடி. பயல் இருமினான், தண்ணீரைக் கக்கினான், வீரிட்டு அழுதான்.

பேச்சியக்கா என் காலைக் கட்டிக்கொண்டார். “எம் பிள்ளையக் குடுத்துட்டீகளே டீச்சர்!”

“நான் ஊதச் சொல்லலக்கா. ஆத்தாளைத்தான் கூப்புட்டேன். ஒம் மக தன்னையன்னு நெனச்சுக்கிட்டா” என்று அங்கேயே சொல்லி அழுதேன்.

“யாரைக் கூப்புட்டா என்ன டீச்சர், ஆத்தா வந்துட்டாள்ல” என்றார் அவர்.

டிரான்ஸ்ஃபர் வரவில்லை. ரிட்டயர் ஆகும்வரை அதே ஊரில்தான், வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு ஊதப் பழக்கினேன். மாவிளக்கும் போட்டேன். நான் கேட்டது டிரான்ஸ்ஃபர், அவள் கொடுத்தது அந்தப் பிள்ளையின் உயிர். சகோதரிகளே, கேட்கத் தெரியாவிட்டாலும் அவளிடம் போங்கள், வெட்கத்தோடு போனாலும் தள்ளமாட்டாள். இன்றைக்கும் யாராவது ‘உயிரைக் காப்பாத்துன டீச்சர்’ என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டால், நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.