நீலப் பிடிக் கரண்டி

சூப் கொதிக்கிற மணம் வந்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது.

எண்பத்தாறாம் ஆண்டு. ஜெர்மனியில் ஒரு யூத முதியோர் இல்லத்துச் சமையலறையில் கழுவவும் பரிமாறவும் சேர்ந்திருந்தேன். வேலையை எடுத்துத் தந்தவர் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை. அங்கே எனக்கு முன்பே மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர். முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: சிவப்புப் பிடி இறைச்சிக்கு, நீலப் பிடி பாலுக்கு, அவர்களின் மதச் சட்டப்படி இரண்டும் சேரக் கூடாது. இதிலென்ன, எங்கள் வீட்டிலும் மீன் காய்ச்சுகிற மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறுதானே என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

ஒருநாள் இறைச்சிச் சூப் அடிப்பிடிக்கத் தொடங்கியது. சிவப்புக் கரண்டி கழுவும் தொட்டிக்குள் கிடந்தது. கைக்கு எட்டிய நீலக் கரண்டியால் கிண்டினேன். எங்கள் வீட்டு வழக்கப்படி சைவக் கரண்டி மீன் குழம்புக்குள் போனால் கரண்டிதான் பழுது, குழம்புக்கு ஒன்றுமில்லை. ஆகவே கரண்டியை உப்புப் போட்டுத் தேய்த்து, சுடுதண்ணீர் ஊற்றி, இருந்த இடத்திலேயே கொழுவினேன். இந்தக் கெட்டித்தனத்தைப் பின்னேரம் அண்ணையிடம் நானே போய்ச் சொன்னேன்.

“விசரா, எந்தப் பக்கத்தால சேந்தாலும் பிழைதான். அவ்வளவு சூப்பும் பழுது. எல்லாரும் குடிச்சு முடிச்சிட்டினம்.”

“போய்ச் சொல்லுவம் அண்ணை.”

“சொல்லிப்போட்டு? ரெண்டு பேரையும் கலைப்பாங்கள். எட்டாம் வகுப்போட நிண்ட எனக்கு வேற ஆர் வேலை தாறது? வாயைப் பொத்திக்கொண்டு இரு.”

பொத்திக்கொண்டு இருந்தேன், மூன்று கிழமை.

சாப்பாட்டு மண்டபத்தில் கண் மங்கிய ஒரு அம்மா இருந்தார். கோப்பையை வைக்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்து, “இறைச்சியா, பாலா?” என்று கேட்பார். நான் சொன்ன பிறகுதான் சாப்பிடுவார். அதை நினைக்க அண்ணையில் கோபம் வரும், என்னில் அதைவிடக் கூட வரும். படுத்தால் ஒரே கனவு. அவர் கேட்கிறார், நான் பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், வாயிலிருந்து பால் வழிகிறது.

ஒரு மதியம் அவர் கோப்பையைத் தள்ளிவைத்தார். விஷயம் தெரிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

“இண்டைக்கு வேண்டாம். கூடாத கனவு கண்டனான். எங்கட சட்டத்தில அதுக்கு விரதம் இருக்கலாம்.”

“எனக்கும் கூடாத கனவுதான்,” என்று என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன்.

“எங்கட ஆக்கள் மூண்டு பேரைக் கூப்பிட்டு இருத்திவைச்சும் கனவைச் சொல்லுவினம். அவை நல்ல கனவு எண்டு சொல்லிவிடுவினம். நான் ஒரு ஆள்தான் இருக்கிறன். சொல்லும்.”

கனவைச் சொன்னால் கரண்டியையும் சொல்லத்தானே வேண்டும். சொன்னேன். அவர் நல்ல கனவு என்று சொல்லவில்லை. சமையலறைச் சட்டம் பார்க்கிற மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்.

வந்தவர் மூன்று கேள்வி கேட்டார். பானை எவ்வளவு பெரிது? கரண்டி எதுவரை நனைந்தது? அதற்கு முன் எப்போது அது சூடான பாலுக்குள் போனது? அன்று காலைப் பால் கஞ்சிக்கு என்றேன். நனைந்த பங்கைப் போல அறுபது மடங்கு சூப் இருந்திருக்கிறது, அவ்வளவு இருந்தால் சட்டம் அதைக் கலப்பாக எடுக்காது, ஆகவே சூப்பில் பிழையில்லை என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகுதான் அவர் முகம் சிவந்தது.

“சூப் பரவாயில்லை. இறைச்சிக்குள்ள போன அந்தக் கரண்டி மூண்டு கிழமையா எங்க தொங்கினது, எத்தினை பால் சட்டிக்குள்ள போனது? ஏன் உடன சொல்லேல்லை?”

அண்ணையின் பெயரைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அந்தக் கரண்டி பட்ட பால் பாத்திரம் ஒவ்வொன்றையும் அவருக்கு எடுத்துக் காட்டினேன்.

அறைக்குப் போய் அண்ணையில் பாய்ந்தேன். “ரெண்டு நிமிசம் அண்ணை. கேட்டிருந்தால் அண்டைக்கே முடிஞ்சிருக்கும்.”

“எனக்கென்னடா தெரியும்? நான் என்ன அவையின்ர சட்டம் சொல்லுற ராபியே?”

“தெரியாட்டி ஏன் தெரிஞ்ச ஆள் மாதிரிக் கதைச்சனீங்கள்?”

அவர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அடுத்த நாள் கோப்பையை வைத்தேன். “இறைச்சியா, பாலா?” இறைச்சி என்றேன். அந்த அம்மா என் கையை விடவில்லை. “என்ன நிறக் கரண்டி?”

“சிவப்பு.”

அதற்குப் பிறகுதான் குடித்தார். நான் அங்கே நின்ற கடைசி நாள்வரை அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு முறையும் சமையலறைப் பக்கம் திரும்பி ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.