எஞ்சினடியில் நின்றவள்

படத்தின் நடுப்பகுதியில் அந்தக் காட்சி வந்தபோது தேவாலயத்துப் பங்கு மண்டபமே எழும்பி நின்று கைதட்டியது. முல்லைத்தீவுக் கரைச் சனத்திடம் கடலைக் காட்டிக் கைதட்டல் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல்தானே என்று கொட்டாவி விடுவார்கள். ஆனால் வாடைக் காலத்து அலை ஆளுயரத்துக்கு மேலே எழும்பி நிற்க, அதன் முதுகில் ஒரு வெள்ளைப் படகு ஏறியது. கவிழப்போகிறதென்று எல்லோரும் நெஞ்சில் கை வைத்த நேரத்தில் அது நேராகி, நோகாமல் மணலில் வந்து ஏறியபோது, கொட்டாவி விடுகிறவர்களும் விசிலடித்தார்கள். படகின் பின்பக்கம், எஞ்சினடியில், நீலச் சட்டையும் தலையில் இறுக்கிக் கட்டிய துவாயுமாகக் கதாநாயகன் முதுகைக் காட்டி நின்றான்.

அந்த முதுகு கதாநாயகனுடையதல்ல. பெண்கள் பக்கத்தில் நான்காவது வரிசையில் இருந்த ஞானமலருடையது. மண்டபத்தில் கதிரையை விட்டு எழும்பாதவள் அவள் ஒருத்திதான். தனக்குத் தானே கைதட்ட அவளுக்கென்ன விசரா?

படம் முடிந்ததும் நாயகன் கிருசாந்தன் மேடையேறினான். வவுனியாப் பெடியன், ஆள் வடிவு, அழுகிற காட்சிகளில் உண்மையாகவே நன்றாக அழுவான். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் யோகநாதன் அவனுக்குப் பொன்னாடை போர்த்தி, இவன் எங்கே பிறந்தாலும் கடலின் பிள்ளைதான் என்றார். கிருசாந்தன் ஒலிவாங்கியை வாங்கி, "டூப் போடுவம் எண்டு எல்லாரும் சொன்னவை. நான்தான் வேண்டாமெண்டு நிண்டனான்" என்றான். மண்டபம் திரும்பவும் தட்டியது. அலை எழும்பிய அன்று இந்தக் கடலின் பிள்ளை வான் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்ததை ஞானமலர் கண்ணால் கண்டவள். நிறுத்தி வைத்த படகில் கால் வைத்தாலே அவனுக்குத் தலை சுற்றும்.

வாசலில் அவனை மறித்தாள். அவனுக்கு அவளைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று. படக்காரர்தான் அப்படிச் சொல்லச் சொன்னதென்றும், எல்லா நடிகர்களும் சொல்வதுதான் என்றும், ஒரு பெண்தான் அதைச் செய்தாள் என்று தெரிந்தால் கதாநாயகனின் கதை அதோடு சரி என்றும் மெல்லச் சொன்னான். பொய்யில்லாமல் சொன்னதற்காகவே அவளுக்கு அவன் மேல் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

"தம்பி, நீர் அழுதது உம்மடை அழுகை. எனக்கும் கண் கலங்கினது. அதுக்குக் கைதட்டு வாங்கும். அலைக்கு வாங்காதையும்" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான். அவனோடு சண்டை அவ்வளவுதான். உண்மையான சண்டை மண்டபத்துக்கு வெளியே, மதிலடியில் நின்ற ஆம்பிளைகளின் கதையில் தொடங்கியது. கரைக்காரர்களுக்குக் காதில் பூ வைக்க ஏலாது. ஒரு படகு அலையில் வருவதைப் பார்த்தே ஓட்டுகிறவன் யாரென்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். இந்தப் பெடியனாவது அலை ஏறுவதாவது, அது எங்கடை ஸ்ரீபன்ரை கையல்லோ என்றார்கள். நின்றபடி, ஒரு காலைப் படகின் விளிம்பில் ஊன்றி வருகிறவன் இந்தக் கரையில் வேறு யார் இருக்கிறான் என்றார்கள். நடிகனுக்குப் போர்த்திய பொன்னாடையை எங்கள் ஆளுக்கும் போர்த்த வேண்டும், வருகிற ஞாயிறு சங்கக் கூட்டத்திலேயே போர்த்திவிடுவோம் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

ஸ்ரீபன் ஞானமலரின் புருஷன். கையை அவர்கள் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள், ஆளைத்தான் மாற்றிவிட்டார்கள்.

இதற்குக் காரணம் அவளும்தான். மூன்று வருடத்துக்கு முன் படகைக் கரைக்கு இழுக்கும்போது ஸ்ரீபனின் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆறு மாதம் படுக்கை. கூடத் தொழிலுக்கு வந்த பெடியன் வெளிநாடு போய்விட்டான். வேறு வழியில்லாமல் ஞானமலர் படகில் ஏறினாள். உதவிக்குப் போகிறாள் என்று ஊர் நினைத்தது. முதல் மூன்று மாதம் அது உண்மையும்தான். அதற்குப் பிறகு, அலை அடிக்கும்போது எஞ்சின் பிடியை அமர்த்திப் பிடிக்க ஸ்ரீபனின் இடுப்பு விடவில்லை. அவன் வாயால் சொல்ல, அவள் கையால் செய்தாள். கொஞ்ச நாளில் அவன் சொல்வதையும் விட்டுவிட்டான். அவள் ஆள் கட்டை, குந்தியிருந்தால் படகின் முன்பக்கத்தைத் தாண்டிக் கடல் தெரியாது. அதனால் நின்றுகொண்டே ஓட்டினாள். புருஷனின் சட்டையும் மழைத் தொப்பியும் போட்டு, தெற்குப் பக்கத்தில் ஆட்கள் குறைந்த இடத்தில் கரைக்கு வருவாள். படகு மணலில் முட்டியதும் அவள் வலைக்குத் தாவுவாள், அவன் எஞ்சினடிக்கு வருவான். இரண்டு வருடம் ஊர் கண்டது ஸ்ரீபனின் சட்டையைத்தான். கிட்டப் பார்த்தவர்களும் சிலர் இருந்திருப்பார்கள். அவர்கள் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தார்கள். அப்படி இருப்பதில் எங்கள் சனத்தை வெல்ல ஆளில்லை.

படக்காரர் கிளிநொச்சியிலிருந்து வந்து, வாடைக்குள் அலையில் படகு கொண்டுவர நல்ல ஆள் யார் என்று கேட்டபோது ஊரே ஸ்ரீபனைக் காட்டியது. அவனும் வீம்புக்கு ஓம் என்றான். அன்று விடிய அவனால் பாயை விட்டு எழும்ப முடியவில்லை. மழைக்குக் கரையில் ஒரு சனமும் இல்லை. ஞானமலர் போய் நீலச் சட்டையைக் கேட்டாள். இயக்குநர் முதலில் சிரித்தார். படகு கரைக்கு வந்த பிறகு சிரிக்கவில்லை. இன்னொரு தரம் எடுப்போமா என்று உதவியாளன் கேட்டதற்கு, இதற்கு மேல் எதை எடுக்கிறது என்று ட்ரோனை இறக்கச் சொல்லிவிட்டார்.

ஞானமலர் இதை அப்படியே விட்டிருப்பாள். படம் போகட்டும், பேர் போகட்டும். ஆனால் ஸ்ரீபன் இனிக் கடலுக்கே போகக்கூடாது என்று டொக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். படகை அவள் பேருக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்குச் சங்கத்தின் கடிதம் வேண்டும், கடிதத்துக்கு அவள் உறுப்பினராக வேண்டும். இரண்டு தரம் விண்ணப்பம் கொடுத்தாள். இரண்டு தரமும் யோகநாதன் மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மனுஷன் கெட்டவரில்லை. யார் வீட்டில் சாவீடு என்றாலும் முதலில் நிற்பவர். ஆனால் இந்த விஷயத்தில் தலைகீழாக நின்றாலும் மசியமாட்டார். நல்ல காலத்தில் யாரும் படகோட்டலாம், வாடைக்குள் அலை பார்த்துக் கரைக்கு வருவது பொம்பிளையால் ஏலாது, ஏதும் நடந்தால் சங்கம்தான் பதில் சொல்ல வேண்டும் என்பார். கருவாட்டுக்குப் பெண்கள் சங்கம் இருக்கிறதே, அதில் சேர் என்பார். அதே வாயால்தான் அந்த அலையில் வந்தவனைக் கடலின் பிள்ளை என்றார். மூன்றாவது விண்ணப்பமும் அந்த ஞாயிற்றுக் கூட்டத்துக்குத்தான் இருந்தது. அதுவும் திரும்பி வந்தால் படகை வேறொருவனிடம் விட்டுவிட்டு அவள் கருவாடு காயப்போட வேண்டியதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் குசினிக்குள் புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் வாய்த்தர்க்கம் வந்தது. போர்த்துகிற பொன்னாடையைப் போர்த்திவிட்டுப் போகட்டும், அதில் என்ன குறைந்துவிடும் என்றான் ஸ்ரீபன்.

"ஒரு வீட்டுக்குத்தானேயப்பா வருது."

"வீட்டுக்கு வருது. எனக்கு வரேல்லை."

அவன் சோற்றுக் கோப்பையை ஓரமாகத் தள்ளினான். பிறகு, "கடலும் இல்லையெண்டாச்சு. இந்தப் பேரும் இல்லையெண்டா எனக்கு என்ன கிடக்கு?" என்றான்.

இருபத்திரண்டு வருடம் ஒன்றாகச் சீவித்த மனுஷன். இடம்பெயர்ந்து போனபோது பிள்ளையைத் தோளில் வைத்துத் தண்ணீருக்குள் நடந்தவன். பாவமாய்த்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் படகு போய்விடும். அவனுக்கு இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டாள், விட்டுக்கொடுக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து சங்கக் கட்டடத்தில் முப்பது முப்பத்தைந்து பேர் கூடினார்கள். ஞானமலர் பின்வரிசையில் இருந்தாள். யோகநாதன் தன் வழக்கம்போல நீட்டிப் பேசினார். நடிகர்கள் வருவார்கள், போவார்கள், மற்றவனின் உழைப்பில் மாலை வாங்குவார்கள், ஆனால் எங்கள் கண்ணுக்குத் தெரியும், ஸ்ரீபன் எழும்பி வா என்றார். ஸ்ரீபன் ஒரு கையால் இடுப்பையும் மறு கையால் கதிரையையும் பிடித்துக்கொண்டு எழும்பினான். அவன் முன்னுக்குப் போவதற்குள் ஞானமலரும் எழும்பினாள்.

"பொன்னாடையை ஒருக்கால் கீழை வையுங்கோ. படத்திலை வந்தது இவர் இல்லை, நான்."

சிரிப்பு எழும்பியது. சிரிக்கட்டும் என்று அவள் நின்றாள். பிறகு கேட்டாள்: இவருக்கு இடுப்பு ஏலாது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்துக்கு எழும்பி நிற்கவே கதிரையைப் பிடிக்கிற மனுஷன், வாடைக்குள் ஒற்றைக் காலை ஊன்றி நின்றுகொண்டு வருவாரா? இடுப்புப் பிடிக்க முந்தி இவர் நின்று ஓட்டியதை யாராவது கண்டீர்களா?

ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக அதற்கு அவர்கள் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். குந்தியிருக்க ஏலாத நோவு என்றபடியால் பாவம் நின்று ஓட்டுகிறான் என்று தங்களுக்குள் சொல்லி, அவனை மெச்சியும் இருக்கிறார்கள்.

யோகநாதன் ஸ்ரீபனைப் பார்த்தார். "என்னடாப்பா இது? மனுசி சொல்லுறது உண்மையோ?"

ஸ்ரீபன் நிலத்தைப் பார்த்தான். அவன் வாயைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று ஞானமலர் யோசித்து வைத்திருக்கவில்லை.

"ஓம்" என்றான் ஸ்ரீபன் கடைசியில். "ரெண்டு வருசமா அவாதான். நான் சும்மா முன்னுக்கு இருக்கிறனான்."

வீட்டில் அவளை அவன் ஒரு நாளும் மரியாதையாக அவா என்று சொன்னதில்லை. சொல்லிவிட்டு மேசைக்குப் போய், அவள் விண்ணப்பத்தை எடுத்து, முன்மொழிபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். வழிமொழிய இன்னொரு உறுப்பினர் வேண்டும். ஒருவரும் அசையவில்லை.

யோகநாதன் தொண்டையைச் செருமினார். சரி, நியாயமாய் ஒன்று செய்வோம் என்றார். நாளைக்குக் கடல் கடும் என்கிறார்கள், எல்லோரும் கரையில் நிற்போம், ஞானமலர் எங்கள் கண்முன்னே ஒரு தரம் வந்து காட்டட்டும், காட்டினால் நானே கையெழுத்து வைக்கிறேன் என்றார். கூட்டம் தலையாட்டியது. நல்ல தீர்ப்பு என்று எல்லோருக்கும் பட்டது.

ஞானமலருக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. நாளைக்கென்ன, இன்றைக்கே அவள் கொண்டுவருவாள். அதில் சந்தேகமில்லை. அதனால்தான் ஆத்திரம் வந்தது.

"காட்டமாட்டன்" என்றாள். "இஞ்சை இருக்கிறவையிலை ஆர் காட்டிப்போட்டுச் சேர்ந்தனீங்கள்? போன மாசம் சேர்ந்த நிரோஜனை நீங்கள் அலைக்குள்ளை விட்டுப் பார்த்தனீங்களோ? நான் செய்ததை நீங்கள் பார்த்தாச்சு. எழும்பி நிண்டு கையும் தட்டியாச்சு. நடிகன் எண்டு தட்டினீங்கள், இவர் எண்டு தட்டினீங்கள். நான் எண்டதும் திருப்பிக் காட்டெண்டுறீங்கள். ஏலாது. பேரை எழுதுங்கோ, இல்லாட்டி எழுத மாட்டமெண்டு சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு முன்வரிசையில் காலியாகக் கிடந்த கதிரையில் வந்து இருந்தாள். நிரோஜன் தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். யோகநாதன் பேனையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

அப்போது சுவரோரம் இருந்த நல்லதம்பி பெருத்த சத்தத்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். எழுபதை நெருங்கிய மனுஷன், கரையில் எவனுடைய ஓட்டத்தையும் இதுவரை நல்லதென்று சொல்லாதவர். நேராக அவளிடம் வந்தார்.

"அப்ப நீதானோ அது? கரை கிட்ட வரேக்கை எஞ்சினை நேரத்துக்கு முன்னம் தண்ணியாலை தூக்கிறது. ரெண்டு வருசமா இந்தப் பிழை நடக்குது. ஸ்ரீபனுக்கு எத்தினை தரம் ஏசினனான். படம் பார்க்கேக்கையும் எனக்கு விசர் வந்தது."

"எனக்குத்தான் ஏசினவர்" என்றான் ஸ்ரீபன் பாவமாக.

"பிழையில்லை அது" என்று ஞானமலர் எழும்பிவிட்டாள். "அந்த இடத்திலை மணல் மேடு ஏறிக் கிடக்கு. தூக்காட்டி எஞ்சின் மண்ணிலை அடிக்கும்."

எந்த மேடு என்று பின்னுக்கிருந்து ஒருவன் கேட்டான். புயல் அடித்தபிறகு அங்கே மேடே இல்லை என்றான் இன்னொருவன். இருக்கிறது, போன கிழமை தன் வலை அதில்தான் சிக்கியது என்றான் நிரோஜன். நான்கு பேர் மேசையடிக்கு வந்துவிட்டார்கள். யோகநாதன் மணியை அடித்துப் பார்த்தார், ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு அவரே, மேடு இருந்தாலும் ஒரு அலை பொறுத்துத் தூக்கியிருக்கலாம் என்று அவளோடு வாதாடத் தொடங்கினார். கைதட்டியபோது ஒருவனும் கண்டுபிடிக்காத குற்றமெல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாய் வந்தது. ஞானமலர் ஒன்றையும் சும்மா விடவில்லை. வாய்க்கு வாய் கொடுத்தாள்.

நல்லதம்பி யோகநாதனின் கையிலிருந்த பேனையைப் பிடுங்கினார். விண்ணப்பத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து இடத்தைத் தேடி, மேசையில் போட்டு, வழிமொழிபவர் என்ற கோட்டின் மேல் தன் பேரை எழுதினார்.

"மேடு வடக்காலை கிடக்கு" என்றார் எழுதியபடி.

"இல்லை" என்றாள் ஞானமலர். "தெற்காலை."