பேர் கேட்காமல் கொடுத்த குரல்

நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையை விட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். எத்தனையோ கடைகளில் வேலையை விட்டிருக்கிறேன். வெட்கப்பட்டு விட்டது இந்தக் கடையைத்தான்.

டீக்கடையில் யாருக்கும் பேர் கிடையாது. ‘சொட்டைக்கு ஸ்ட்ராங், குண்டுக்கு லைட்’ என்று ஆளின் அடையாளத்தைச் சொல்லித்தான் மாஸ்டருக்குக் குரல் கொடுப்போம்.

வேலையை விட்ட அன்று மாலை, முகத்தில் வெண்புள்ளிகள் உள்ள ஒரு கல்லூரிப் பெண், ரயிலுக்குக் காத்திருந்த பள்ளிப் பையன்களிடம் எங்கள் கடை வாசலில் நின்று, யாரையும் கேலி செய்யாதீர்கள் என்று பேசினாள். உருவத்தைச் சொல்லிக் கேலி செய்ததால் பல நாள் தான் பள்ளிக்கே போகவில்லை என்றாள். பையன்கள் அமைதியாகக் கேட்டார்கள். நானும் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பேசி முடித்து என்னிடம் டீ கேட்டாள்.

“மாஸ்டர், திட்டு மூஞ்சிக்கு ஒரு டீ, சக்கரை கம்மி!”

பழக்கத்தில் வாய் கத்திவிட்டது. பையன்கள் வெடித்துச் சிரித்தார்கள்.

“மச்சான், திட்டு மூஞ்சிக்கு டீ வந்துகினு கீதுடா!” என்றான் ஒருவன்.

அவள் என்னைப் பார்த்தாள். “அண்ணா, இவ்ளோ நேரம் நீங்களும்தானே கேட்டுகினு இருந்தீங்க?”

டீயைத் தொடாமல் போய்விட்டாள். பையன்கள் அந்தப் பேரைக் கூவிக்கொண்டே அவள் பின்னால் ரயில் ஏறினார்கள். நான் அந்த டீயைக் கொட்டிவிட்டு, மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டு பையை எடுத்தேன்.

மறுநாள் காலை குத்தம்பாக்கத்தில் ஒரு டிபன் கடையில் சேர்ந்தேன். முதலில் வந்தவரிடம் பேர் கேட்டேன்.

“இன்னா நைனா, இட்லிக்கும் ஆதார் கேப்பியா?” என்று சிரித்தார். பிறகு பேரைச் சொன்னார்.

“ஏழுமலை அண்ணனுக்கு ரெண்டு இட்லி!” என்று உள்ளே குரல் கொடுத்தேன்.