பத்தடித் தண்ணீர்

ஹாலிபட் மீனைத் தேடி ஊரே ஆழத்துக்குப் போகும். அமாரோ சில்வெய்ரா போகமாட்டார். கேயுகோஸ் என்ற கடலோர ஊரில் முப்பது வருஷம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். அலை உடைவதற்குச் சற்று அப்பால், பத்தடித் தண்ணீரில், பாறை முடிந்து மணல் தொடங்கும் விளிம்பில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகை நிறுத்துவார். அந்தத் தட்டை மீன் அங்கேதான் மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். கடல் நன்றாக உள்வாங்கும் நாட்களில் மீன் படுத்தெழுந்த பள்ளங்களைத் தேடித் தேடி, அவரும் நண்பர் வெண்டல் சகாடாவும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு கோடைகள் ஆயின. வேறு யாருக்கும் சொல்வதில்லை என்று பேச்சு.

மடியில் விழுந்த மீன் துள்ளி அமாரோ அலறினால், அடுத்த கயாக்கிலிருந்து வெண்டல் சிரிப்பார். "நாய்க்குப் பயந்து ஓடுன தபால்காரன், மீனுக்கும் பயப்படுறான் பாரு!"

ஒரு ஜூன் மாதம் வெண்டலுக்கு நாற்பத்தோரு அங்குல மீன் கிடைத்தது. அமாரோ படமெடுத்து, பெருமை தாங்காமல் மீன்பிடிப்பவர்களின் இணையப் பக்கத்தில் போட்டார். இடத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் வெண்டலின் தோளுக்குப் பின்னால் குன்றின் தண்ணீர்த் தொட்டியும் தேவாலயக் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் நின்றன. தெரிந்தவனுக்கு இடத்தைக் கண்டுபிடிக்க அது போதும். சனிக்கிழமை முப்பத்தேழு கயாக்குகள் வந்தன. கோடை முடிவதற்குள் மணல் காலி.

"மீன் போனாப் போகுது. உன்னை நம்புனேன் பாரு" என்றார் வெண்டல். அதன்பின் நான்கு வருஷம் பேசவில்லை. ஊருக்கெல்லாம் கடிதம் சுமந்தவரின் மூன்று கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன.

இந்த வசந்தத்தில் வெண்டலுக்குப் பக்கவாதம். அவர் மனைவி நவோமி தொலைபேசினாள். "வர்றதுன்னா இப்பவே வாங்க, அமாரோ. டாக்டர் நம்பிக்கையா எதுவும் சொல்லல."

அமாரோ ஒரே ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். அவரைக் கண்டதும் வெண்டலின் பாதி முகம் மலர்ந்தது.

"எங்கடா போயிட்டே? காலைலேர்ந்து பாக்குறேன். அலை அடங்கிடுச்சா?"

"வெண்டல், அந்தப் போட்டோவைப் போட்டது என் தப்புடா. மன்னிச்சிடு."

"எந்தப் போட்டோ?"

நவோமி மெதுவாகச் சொன்னாள். "கடைசி அஞ்சாறு வருஷம் அவருக்கு ஞாபகத்துலயே இல்ல."

காயத்தையே மறந்தவனிடம் மன்னிப்பை எப்படி வாங்குவது? கொடுக்க வேண்டியவன் போய்விட்டான். கேட்பவர் மட்டும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

வெண்டல் அவர் மணிக்கட்டைப் பிடித்து அருகில் இழுத்தார்.

"நாளைக்குப் போறோம். எவன்கிட்டயும் மூச்சு விடாதே, என்ன?"

"விடமாட்டேன்டா" என்றார் அமாரோ.