நூற்றிருபது அக்கா

சுகாதார வேனில் நான் டிரைவர். பின்னால் சுவரொட்டிகள், பிளாஸ்டிக் எலும்புக்கூடு, பிரஷர் மிஷின், நர்ஸ் அக்கா. ஜன்னலோரம் எலும்புக்கூட்டுக்கு. கிராமத்துப் பள்ளிகளுக்குப் போய், உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது, மருத்துவத்தில் டாக்டரை விட்டால் வேறு என்னென்ன வேலை இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வது அக்காவின் வேலை. நர்ஸ், லேப், எக்ஸ்ரே, மருந்தகம் என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் ஆம்புலன்ஸ் டிரைவர் என்பார். பாதி வகுப்பு அதற்குத்தான் கை தூக்கும். அக்கா என்னை முறைப்பார். நான் என்ன செய்தேன்.

பேச்சு முடிந்ததும் தன் இடது கையை மேஜைமேல் நீட்டி, ஒரு பிள்ளையை அழைத்துப் பிரஷர் பார்க்கச் சொல்வார். ஸ்டெதாஸ்கோப்பில் முதல் சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே அடங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்பே போர்டில் 'சரியான அளவு 120/80' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார். பிள்ளைக்கு ஒரு மண்ணும் கேட்காது. போர்டைப் பார்த்து, "நூத்தி இருபது, எம்பது சிஸ்டர்" என்று சொல்லும். "சபாஷ்" என்பார். பதினோரு வருடமாக அவர் பிரஷர் இம்மி நகரவில்லை. அலுவலகத்தில் பெயரே நூற்றிருபது அக்கா.

அது பொய் என்று அக்காவுக்கும் தெரியும். தலை சுற்றினால் வேன் படியில் உட்கார்ந்து, "ரோடு சரியில்ல தம்பி" என்பார். வேன் அப்போது நின்றுகொண்டிருக்கும். ஆனால் பிரஷர் உள்ளவர்களை ஊர் ஊராக அனுப்பமாட்டார்கள், ரெக்கார்ட் ரூமில் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க மருமகன் புராணம் படிக்கும் கிளார்க் ஒருவர் உண்டு. அதற்கு வேன் படியிலேயே விழலாம் என்பது அக்காவின் கட்சி. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சொன்னால், ரோட்டைப் பார்த்து ஓட்டு என்பார்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "நூத்தி எண்பத்திரெண்டு. கீழ நூத்தி நாலு."

வகுப்பு சிரித்தது. வாத்தியார், "போர்டப் பாரும்மா" என்றார்.

"பாத்தேன் சார். காதுல அப்படிக் கேக்கலையே."

"மறுபடி பாரு" என்றார் அக்கா. பார்த்தாள். அதே எண்.

"மிஷின் பழசு."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கையக் கொஞ்சம் குடுங்க." கொடுத்தேன். "இவருக்கு நூத்தி இருபத்தாறு, எண்பத்திரெண்டு. மிஷின் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் எலும்புக்கூட்டைப் பார்த்தேன். "தப்பாக் கேட்டிருக்கே, போய் உக்காரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரும் தப்பித்திருப்பார், அந்தப் பெண்ணும் அதற்கப்புறம் ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டிருக்க மாட்டாள்.

அக்கா எழுந்து போய்ப் போர்டை அழித்தார்.

"இவ்ளோ வந்தா என்ன பண்ணணும்னு சொன்னேன்?"

"டாக்டர்கிட்ட சீட்டு எழுதி அனுப்பணும்."

"அப்ப எழுது."

உட்கார்ந்து எழுதினாள். 'அனுப்புபவர் பதவி' என்ற இடத்தில் 'ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு' என்று போட்டாள். டாக்டர் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு மாத்திரை எழுதினார். அடுத்த வாரமே அக்காவுக்கு ரெக்கார்ட் ரூம்.

இப்போது வேனில் வேறு நர்ஸ். எலும்புக்கூட்டுக்கு இன்னும் ஜன்னலோரம்தான். மதியச் சாப்பாட்டுக்கு நான் ரெக்கார்ட் ரூமுக்குப் போய்விடுவேன், கிளார்க்கின் மருமகனோடு எனக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது. நேற்று அக்கா மாத்திரையை விழுங்கிக்கொண்டே, டாக்டர் பார்த்ததாகச் சொன்னார். நூற்றிருபது, எண்பதாம்.

"நல்லதாப் போச்சுக்கா."

"அவரும் போர்டப் பாத்துச் சொன்னாரோ என்னவோ" என்றார். "அந்தப் பொண்ணு படிச்சு முடிச்சு வந்து பாக்கட்டும். அப்ப நம்பறேன்."