மாமியாருக்கு நான் மாற்றிப் படித்த முடிவு

எனக்குக் கல்யாணமாகி நான்காவது மாதம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. நகரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவரைச் சித்தூருக்கு அழைத்து வந்திருந்தோம். என் கணவருக்கு அங்கே குமாஸ்தா வேலை. ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்பதுதான் எங்கே பார்த்தாலும் பேச்சு. நான் திருத்தணிப் பெண். "உன் ஊரு மெட்ராசு பக்கம் போயிடும் போலக்கீதே" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னை வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

மாமியார் ஐந்தாவது வரை படித்தவர். வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றையும் விடமாட்டார். இப்போது இரண்டு கண்ணிலும் கட்டு. தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னோடு அவர் அதிகம் பேசுவதில்லை. கட்டை அவிழ்த்து மருந்து போட நான் கிட்டே போனால் உடம்பை இறுக்கிக்கொள்வார். "என் பொண்ணு இருந்தா அவளே போட்டிருப்பா" என்று ஒருநாள் சொன்னார்.

"அத்தை, ஏதாவது படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டேன்.

"துப்பறியுற கதையா இருந்தா படி. புராணம் வேணாம்."

கணவர் நூலகத்திலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்து வந்தார். எங்கள் அம்மா காலத்திலேயே பெயர் வாங்கிய கதை. ஒரு பெரிய வீட்டு அம்மாள் நோயில் படுத்திருக்கிறாள். யாரோ பாலில் விஷம் கலந்து அவளைக் கொன்றுவிடுகிறார்கள். தம்பி, வக்கீல், சமையல்காரி என்று எல்லோர் மேலும் சந்தேகம். துப்பறிகிறவர் ஓயாமல் இருமுகிற, ரிட்டையரான ஒரு இன்ஸ்பெக்டர்.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படிப்பேன். மூன்றாம் நாளிலிருந்து மாமியார் எனக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். "பாத்திரம் அப்பறம் தேச்சுக்கலாம், வா" என்று கூப்பிடுவார். நடுவில் நிறுத்தச் சொல்லி, "அந்த சமையக்காரி ரொம்ப அழுவுறா. அவ செஞ்சிருக்க மாட்டா" என்பார். பத்து நாளில் நாங்கள் இருவரும் சிரித்துப் பேசுகிறவர்களாகிவிட்டோம்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் நான் பொறுக்க முடியாமல் அடுப்படியில் முன்கூட்டியே படித்துவிட்டேன். கொன்றவள் அந்த அம்மாளின் மருமகள். வேளை தவறாமல் மாமியாருக்குப் பால் ஆற்றிக் கொடுத்தவள். அதைப் படித்தபோது மாமியாருக்கான பால்தான் என் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது.

அந்தப் பாலை ஆற்றிக் கொடுத்துவிட்டு எப்படி அந்தப் பக்கத்தைப் படிப்பது? புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன். கொலை செய்தவன் வக்கீல் என்றேன்.

மாமியார் சும்மா விடவில்லை. "வக்கீலு கையில பால் சொம்பு எப்டி கெடைச்சுது?"

"மாட்டுக் கொட்டாய் வழியா உள்ளே வந்தான் அத்தை."

"அன்னிக்கு மழைன்னு படிச்சியே. சேத்துல கால் தடம் இருக்குமே?"

"அது... சாக்கைப் போட்டு மேலே நடந்து வந்தான்னு போட்டிருக்கு."

"ஓகோ" என்றார். அதற்குமேல் கேட்கவில்லை. நான் சட்டென்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

சில வாரங்களில் கட்டைப் பிரித்துக் கெட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். பார்வை நன்றாகத் தெரிந்தது. மாமியார் ஊருக்குப் போனார். அவர் வரும்போதெல்லாம் எனக்குக் கதம்பம் வாங்கி வருவார். நான் கொலைகாரியை மறந்தேபோனேன்.

அடுத்த வருஷம், கண் நல்லபடியாக வந்ததற்கு வேண்டிக்கொண்டிருந்ததைச் செலுத்தத் திருப்பதி போனோம். மாமியாரும் நானும் மட்டும். தரிசனம் முடிந்து கீழே இறங்கினால், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அதே கதையின் சினிமா போஸ்டர். தெலுங்கில் எடுத்திருந்தார்கள்.

"நீ படிச்ச கதைதானே? வா, பாத்துட்டுப் போலாம்" என்றார். தலைவலி என்றேன். "உள்ள போய் உக்காந்தா சரியாப் போயிடும்" என்று டிக்கெட் வாங்கிவிட்டார்.

நாவலில் இருந்த பொறுமை படத்தில் இல்லை. இருமுகிற கிழவர் போய், தொப்பி வைத்த வாலிபன் குதிரையில் வந்தான். சாகப்போகிற அம்மாள் ஒரு பாட்டுப் பாடினாள். நாவலில் முப்பது பக்கம் வருகிற பால் சொம்பு இங்கே ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஆனால் மருமகள் சொம்போடு வந்தபோது, எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் உரக்கச் சொன்னாள்: "கோடலே சம்பேசிந்தி!" மருமகளேதான் கொன்றுவிட்டாள் என்கிறாள். மாமியார் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

படம் முடிகிற நேரத்தில் உண்மை வெளிவந்தது. கொன்றவன் பர்மாவிலிருந்து திரும்பிய, ஒட்டுத்தாடி வைத்த பெரியப்பா மகன். நாவலில் அப்படி ஒருவனே கிடையாது. மருமகளாக நடித்தவள் பேர்பெற்ற கதாநாயகி. அவளைக் கொலைகாரியாகக் காட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட பிறகுதான் உறைத்தது, வக்கீலும் இல்லையே!

வெளியே வந்ததும் நானே முந்திக்கொண்டேன். "சினிமாக்காரங்க எல்லாத்தையும் மாத்திடுவாங்க அத்தை. புஸ்தகத்துல வக்கீல்தான்."

மாமியார் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "புஸ்தகத்துல மருமவதானே?" என்றார்.

"உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?" என்றேன்.

"கண்ணாடி போட்ட மறுநாளே படிச்சிட்டேன். நூலகத்துக்குத் திருப்பாம புஸ்தகம் வீட்லதானே கெடந்துச்சு. நீ குழாயடிக்குப் போய்க்கினு இருந்தே. கண்ணு தெரிஞ்சு நான் படிச்ச மொதல் பக்கமே அதுதான். சாக்கு போட்டு நடந்தான்னு சொன்னப்பவே சந்தேகம்."

"ஏன் அத்தை என்கிட்ட கேக்கல?"

"இன்னான்னு கேக்கறது? ஒரு பொய்ய ஒழுங்கா சொல்ல வரல உனக்கு. நீயா எனக்கு வெஷம் வெக்கப் போறே? அதுக்கு முன்னாடி உன்கிட்ட எனக்கும் கொஞ்சம் பயம்தான். புது எடத்துப் பொண்ணு, கண்ணு உன் கையில. அன்னிக்குப் போச்சு அது."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. ஒரு வருஷமாக என்னிடம் இருந்ததே தெரியாத ஒரு கனம் இறங்கிப்போனது. அவர் என் கையைப் பிடித்து, ஓட்டலுக்குள் அழைத்துப் போனார். "பசிக்குது, இட்லி துன்னுட்டு பஸ் ஏறலாம்."

சித்தூர் வரும்வரை எது உசத்தி என்று சண்டை போட்டோம். நாவல்தான் என்றார் அவர். மருமகள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் எவ்வளவு அன்பாக இருக்கிறாள், அதிலேயே எழுதியவர் துப்பு வைத்திருக்கிறார், நாம்தான் கவனிக்கவில்லை என்றார். எனக்குப் படம்தான் என்றேன். ஒட்டுத்தாடியை நான் எவ்வளவு நியாயப்படுத்தியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. முன் சீட்டில் இரண்டு பேர் எல்லைக்கோடு எங்கே விழும் என்று தர்க்கம் செய்துகொண்டு வந்தார்கள். எங்கள் சத்தத்தில் அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டில் கணவர், "படம் எப்படிம்மா?" என்று கேட்டார்.

"கதைய மாத்திட்டானுங்க" என்றார் மாமியார். "இவ மாத்தினது அதவிட நல்லா இருந்துச்சு."