விரலைக் கட்டிக்கொண்டு மில்லைச் சுற்றியவள்

எங்கள் நூல் மில்லில் மகாலட்சுமியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஆள் குறைவு. சூப்பர்வைசர் என்றால் அப்படித்தான். பேக்கிங்கில் எடை போடுகிற நான் சொல்கிறேன்: அவளைப் போல ஒருத்தி இந்தத் தேனிப் பக்கத்து மில் எதிலும் இல்லை.

கடமலைக்குண்டு கருத்தம்மாள், மெஷினில் அடைத்த பஞ்சை எடுக்கப்போய் வலது கையில் இரண்டு விரலை இழந்தாள். ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக எல்லோரும் போய்ப் பார்த்தோம். "வேலையப் பத்தி நெனைக்காதீகக்கா, வீட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று மகாலட்சுமியும்தான் சொன்னாள். அப்புறம் பார்க்கப் போவது கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. கருத்தம்மாள் இடத்துக்கு வேறு ஆளும் வந்தாயிற்று.

ஐந்து மாதம் கழித்து, வேலையில் அடிபட்டவர்களை மறுபடி வேலைக்குக் கொண்டுவருவது பற்றி மதுரையில் இரண்டு நாள் பயிற்சி. ஆரம்பப் பாடம்தான். யாரும் போக மாட்டேன் என்றதால் மேனேஜர் திலீபன் மகாலட்சுமியை அனுப்பினார். "கையெழுத்தப் போட்டுட்டு, சாப்பாட்டச் சாப்புட்டு வந்துரும்மா" என்றார். அங்கே முதல் தாளிலேயே ஒரு கேள்வி: உங்கள் ஆலையில் அடிபட்டவரிடம் கடைசியாக எப்போது பேசினீர்கள்? மற்றவர்கள் 'போன வாரம்' என்று அளந்துவிட்டார்கள். இவள் 'ஐந்து மாதம் முன்பு' என்று எழுதிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாளாம்.

திரும்பி வந்தவள் தன் வலது கையில் இரண்டு விரலை மடக்கிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு, மில்லில் ஒவ்வொரு வேலையாகச் செய்து பார்த்தாள். அறுந்த நூலை முடிச்சுப் போட வரவில்லை. பெட்டியில் அடுக்கும்போது நூல் சுற்றிய கோன் கைநழுவி உருண்டு ஓடியது. நாங்கள் சிரித்தோம். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. கடைசியாக, கோன்களில் குறை இருக்கிறதா என்று விளக்கில் காட்டிப் பார்க்கும் மேசை. கோனின் ஓட்டைக்குள் இடது கை விரலை விட்டுச் சுழற்றினால் போதும், மிச்சமெல்லாம் கண்ணின் வேலை. கருத்தம்மாளை அந்த மேசையில் போடச் சொல்லி மேனேஜரிடம் கேட்டாள்.

"ஒரு வாரம் பாப்போம். தேறலைன்னா அப்புறம் பேச்சே கெடையாது" என்றார் திலீபன்.

கருத்தம்மாளை வரவழைப்பதுதான் பெரும்பாடு. நானும் கூடப் போயிருந்தேன். "எல்லாரும் பாவம்னு பாப்பாக ஆத்தா, நான் வரல" என்றாள்.

"பாவம்னு பாக்க அங்கன யாருக்குக்கா நேரம் இருக்கு? வந்து கோனைப் பாருங்க" என்றாள் மகாலட்சுமி.

முதல் இரண்டு நாள் மேசையில் கோன் குவிந்து கிடந்தது. மூன்றாம் நாள் கருத்தம்மாளுக்குக் கை பழகியது. வாரக் கடைசியில் திலீபன் அவள் பார்த்து முடித்த கோன்களை எடுத்துத் தானே விளக்கில் சுழற்றிப் பார்த்தார். பிறகு ஷிப்ட் பட்டியலில் அவள் பெயரை எழுதினார்.

கருத்தம்மாள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. "விரலு போனப்பக்கூட நான் அழுகல, மகா. எப்ப வேலைக்கு வாரேன்னு அஞ்சு மாசமா ஒருத்தரும் கேக்கலையே, அதுக்குத்தான் அழுதேன்" என்றாள்.

"நான்தான் கேட்டுருக்கணும்க்கா. என் தப்புதான்" என்றாள் மகாலட்சுமி, ஷிப்ட் மாறி வந்த அத்தனை பேர் முன்னாலும்.